பருத்திக்கு நோயைத் தெளிப்பவர்கள்

எல்லாருக்கும் வணக்கம். வானம் இருட்டுகிறது, மின்சாரம் நிற்கிறதுக்குள் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன்.

வன்னியில் வந்து நின்று நெல்லை விட்டுவிட்டுப் பருத்தியைப் பற்றிப் பேசுகிறானே என்று பின்னுக்கு இருக்கிற ஐயா நினைப்பது தெரிகிறது. விளக்குத் திரிக்கென்று வளவில் ஒரு பருத்திச் செடி வைத்திருப்பவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அப்புறம், வேலியில் நிற்கிற பூவரசும் கறிக்கு ஆய்கிற வெண்டியும் பருத்தியின் சொந்தக்காரர்தான், பூவைப் பார்த்தாலே தெரியும்.

பருத்திக்கு வருகிற பற்றீரியா நோயில் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எண்ணெய் பட்ட கடதாசி மாதிரி புள்ளி தெரியும். நரம்பு வந்த இடத்தில் அது நின்றுவிடும், அதனால்தான் வட்டமாக இல்லாமல் மூலை மூலையாக இருக்கிறது. பிறகு தண்டு கறுக்கும், காய் அழுகும். மழைத்துளி தெறித்துச் செடிக்குச் செடி தாவும்.

மருந்தடித்து வெல்வது கஷ்டம். சூடானில் நைட் என்ற ஆராய்ச்சியாளர் 1930களிலேயே வேறு வழி பிடித்தார். நீள நூல் தருகிற எகிப்தியப் பருத்திக்கு நோயைத் தாங்க முடியாது. தாங்குகிற இனங்களின் நூல் அதற்குக் கிட்டவும் வராது. இரண்டையும் கலந்து, பிள்ளைகளில் நோய் தாங்குவதை மட்டும் பொறுக்கி, திரும்பவும் எகிப்தியப் பருத்தியோடேயே கலப்பது. முதல் கலப்புக்குப் பிறகு 6 தரம் இப்படிச் செய்தால் நூற்றுக்கு 99 பங்கு பழைய பருத்திதான், எதிர்ப்பு மட்டும் புதுசு.

பொறுக்குவதற்கு நோய் வேண்டுமே! இந்த வேலையில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். பற்றீரியாவைத் தண்ணீரில் கரைத்து ஆராய்ச்சியாளர்களே செடிகளுக்குத் தெளிப்பார்கள். நோய் வந்தால் நாங்கள் நேர்த்தி வைக்கிறோம், அவர்களுக்கு வராவிட்டால்தான் கவலை. தாங்குகிற செடியில், பற்றீரியா நுழைந்த இடத்துக் கலங்கள் உடனே தாமாகச் செத்துவிடும். ஊசிமுனை அளவு காய்ந்த புள்ளி, அதற்குள்ளேயே அது அடைபட்டுப்போகும்.

எதிர்ப்பைத் தருகிற பரம்பரையலகுகளுக்கு பி1, பி2 என்று பெயர் வைத்தார்கள். பி2வும் பி3யும் சேர்ந்த செடிகள் சூடானில் நெடுங்காலம் நின்றன. சரி, முடிந்ததா? 1980களில் ஆபிரிக்காவில் வந்த புதுவகைப் பற்றீரியா அந்தப் பூட்டுகளையெல்லாம் திறந்துவிட்டது. பி12 தாக்குப்பிடித்தது. அதையும் தனியே நம்பியிருக்க நான் சம்மதிக்க மாட்டேன். நெல்லில் இலைக்கருகலும் இப்படித்தான், ஊர் முழுக்க ஒரே இனம் என்றால் அதற்கு ஒரு திறப்புப் போதும்.

முன்னுக்கு இருக்கிற அம்மா கேட்கிறார், திரிக்கு வைத்திருக்கிற செடியில் இப்படிப் புள்ளி கண்டால் என்ன செய்வது என்று. பஞ்சை எடுங்கள் அம்மா, திரி நன்றாகவே எரியும். விதையை மட்டும் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், விதையில் ஒட்டியிருக்கிற பூம்பஞ்சோடு நோயும் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.