பெட்டி கட்டும் முன்

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, அழைத்தவுடன் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, ஜமாஅத் பெரியவர்களே, இந்தக் கூடத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட நூலக வாசகர் வட்டத்தாரே, குறிப்பாகக் கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் பயண முகவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

அமீரகத்திலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் அறிய வேண்டியவற்றைப் பெட்டி, கைப்பேசி, விசா என மூன்றாகப் பிரித்துப் பேச எண்ணியிருக்கிறேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று என் பாட்டி சொல்வார். எனக்கும் இன்று அதுதான் கைப்பிடி.

சென்ற ஆண்டு எங்கள் தெரு அக்கா ஒருவர், மகளின் பிரசவத்துக்காகத் துபாய் புறப்பட்டார். அட்டைப் பெட்டியை நைலான் கயிற்றால் கட்டித்தர என்னை அழைத்திருந்தார். இரண்டாவது முடிச்சுப் போடும்போது, உள்ளே என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்டேன். குருமாப் பொடி, ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலைக் கட்டு, மருமகனின் இருமலுக்கு இங்கே வாங்கிய ஒரு மருந்துப் பாட்டில் என்று அடுக்கினார். கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அபின் எடுக்கும் செடியின் விதைதான் கசகசா என்பதால் அங்கே அதற்குத் தடை. அக்கா அதை வறுத்துப் பொடியோடு சேர்த்தே அரைத்திருந்தார். வெற்றிலையும் தடைப்பட்டியலில் உண்டு. மருந்தில் போதை தரக்கூடிய கோடீன் என்னும் பொருள் இருந்தது. அந்நாட்டு அரசின் முன் அனுமதி இல்லாமல் அதைக் கொண்டுபோக முடியாது. "பிள்ளை பெற்றவளுக்கு வெற்றிலை கொடுக்காமல் எப்படி, தம்பி?" என்று கேட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிரவு பத்து மணிக்குக் கசகசா இல்லாமல் வேறு பொடி அரைக்க அந்த வீட்டில் மிக்ஸி ஓடியது. பயணச்சீட்டு விற்றவர்கள் அவரிடம் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: முப்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கிணற்றடிக்குக் கூட்டிப்போனவர்கள் ஆழத்தைச் சொல்லவில்லை என்றால், காலை விட்டவரை மட்டும் குறை சொல்வது நியாயமா?

அடுத்தது கைப்பேசி. பிறரை அவர்களின் இசைவின்றிப் படமெடுத்துப் பரப்பினால், 2021-ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி சிறைத் தண்டனையோ குறைந்தது 1,50,000 திர்ஹம் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வாட்ஸ்அப்பில் ஒருவரை வைது எழுதினாலும் வழக்கு வரும். துபாய் மெட்ரோவில் தின்பண்டம் தின்றால் 100 திர்ஹம் அபராதம் என்பதைப் பேரப்பிள்ளைகளோடு போகிறவர்கள் மறக்க வேண்டாம். மூன்றாவது விசா: சுற்றிப்பார்க்கும் விசாவில் போய் அங்கே வேலை செய்யக் கூடாது.

இத்தனையும் அந்நாட்டு அரசு ஒளித்து வைத்த செய்திகள் அல்ல; ஆங்கிலத்திலும் அரபியிலும் வெளியிட்டவைதான். நம் தாய்மார்கள் படிக்கும் எழுத்தில் அவை அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை. பயணச்சீட்டோடு தமிழில் ஒரு பக்கத் தாள் தரப்பட வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். கசகசா, வெற்றிலை, மருந்து, படம் எடுத்தல், சுற்றிப்பார்க்கும் விசாவில் வேலை செய்யக் கூடாது என்பது, இவ்வளவு இருந்தால் போதும். அச்சுச் செலவை வாசகர் வட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதையே அதற்குத் தலைப்பாக இட்டு நூறு படிகள் வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். முகவர் பெருமக்கள் போகும்போது ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துச் சென்று, நாளை காலை விற்கும் முதல் சீட்டோடு இணைத்துக் கொடுக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.