தோற்றவர் பக்கம் போகும் சந்தேகம்

அவையோருக்கு வணக்கம். ‘நட்பும் அரசியலும்’ என்று பெரிய தலைப்பாகக் கொடுத்துவிட்டார்கள். நான் ஒரு மூலையை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். தேர்தலில் தோற்ற எதிர்க்கட்சிக்கார நண்பன், வாக்கு இயந்திரத்தைச் சொல்லி டீக்கடையில், “எல்லாம் மெஷின்ல கோல்மால் மாப்ள” என்கிறான். என்ன பதில் சொல்வது? அவன் எந்தக் கட்சி, நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். பாதி நாற்காலி காலியாகிவிடும்.

“தோத்த வயித்தெரிச்சல்ல பேசாதடா” என்று சொல்லலாம்தான். சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. நான் பறவூர்க் கதையைச் சொன்னேன்.

1982, கேரளம். நாட்டிலேயே முதல்முறையாகப் பறவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் மின்னணு வாக்கு இயந்திரம் வைத்தார்கள். கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை, இயந்திரமே கூடாதென்று தேர்தலுக்கு முன்பே உயர் நீதிமன்றம் போனார். பலிக்கவில்லை. தேர்தல் நடந்தது, 123 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தவர் அவரேதான்! பிறகு இயந்திரத்தை எதிர்த்து வழக்குப் போட்டது யார்? தோற்றுப்போன காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ். இயந்திரத்துக்கு அன்றைய சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் மறுவாக்குப்பதிவுக்கு உத்தரவிட்டது. அதில் ஜோஸ் ஜெயித்தார். இயந்திரம் திருடியது என்று நீதிமன்றம் சொல்லவில்லை, கவனியுங்கள்.

2009இல் தோற்றபின் இயந்திரத்தைச் சந்தேகித்தவர் பாஜகவின் அத்வானி. இன்று அதைப் பேசுவது காங்கிரஸ் தரப்பு. சந்தேகம் அதேதான், ஆள்தான் மாறுகிறார்.

நண்பன் சிரித்தான். ஆனால் விடவில்லை. “அதெல்லாம் சரி, உள்ள இருக்கிற சிப்புல என்ன எழுதியிருக்குன்னு நீ பாத்தியா?”

நியாயமான கேள்வி. இயந்திரம் கைக்குக் கிடைத்தால் அதில் கைவரிசை காட்டலாம் என்று 2010இல் ஹைதராபாத் பொறியாளர் ஹரி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் செய்தே காட்டினார்கள். இப்படிக் கேள்விகள் எழுந்து, வழக்கும் நடந்ததால்தான் 2013இல் ஒப்புகைச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னது உச்ச நீதிமன்றம். நாம் யாருக்குப் போட்டோம் என்பதைக் காட்டி, ஏழு விநாடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து பெட்டிக்குள் விழுகிறதே, அந்தச் சீட்டு. இதையெல்லாம் கேட்பவனைச் சதிக்கதை பேசுகிறான் என்று ஒதுக்குவது நம் சோம்பேறித்தனம்.

அப்புறம் நான் கேட்டேன்: “என்ன காட்டினா நீ நம்புவே? அதை இப்பவே சொல்லிடு.”

யோசித்தான். இயந்திரக் கணக்கோடு ஒப்பிட, சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிச் சீட்டுகளை மட்டும் எண்ணுவது போதாது, சாவடிகளைக் கூட்ட வேண்டும் என்றான். எல்லாச் சீட்டையும் எண்ணும் கோரிக்கையை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனாலும் இது பேசக்கூடிய பேச்சு. “சீட்டையும் மாத்திடுவாங்க, எண்றவனையும் வாங்கிடுவாங்க” என்று அவன் போயிருந்தால், நான் இன்னொரு டீ சொல்லிவிட்டு கிரிக்கெட்டுக்குத் தாவியிருப்பேன்.

17சி படிவத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா என்றும் கேட்டேன். சாவடியில் பதிவான மொத்த வாக்குக் கணக்கு அதில் இருக்கும். அவன் கட்சி ஏஜென்டுக்கும் ஒரு நகல் உண்டு. பார்த்ததில்லை என்றான். நானும் பார்த்ததில்லை.

அடுத்த தேர்தலில் அவன் பூத் ஏஜென்டாக உட்காரப் போகிறானாம். என் கட்சிக்கு என்னை உட்காரச் சொல்கிறான். ஏழு மணி வாக்குப்பதிவுக்கு, ஐந்தரைக்கே ஏஜென்டுகள் முன்னால் இயந்திரத்தைச் சோதிக்கும் மாதிரி வாக்குப்பதிவு தொடங்கிவிடுமாம். அந்த நேரத்துக்கு எழுவதுதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. நன்றி, வணக்கம்.