சிவப்பு வண்டியில் பலருக்குப் பங்கு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். வருகிற சனிக்கிழமை ஜோகூர் பாருவுக்குக் குடிபெயர்கிறேன். நான் வேலை செய்த ஈப்போ தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. இனி வேலை சிங்கப்பூரில். மனைவியும் மகளும் முன்பே போய்விட்டார்கள். சாமான்களை லோரி ஏற்றிச் சென்றுவிட்டது. வாடகை வீட்டில் இப்போது இருப்பவை ஒரு பாய், ஒரு கெட்டில், ஒரு மோட்டார் சைக்கிள். அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றியும் அதைச் சுற்றி வாழ்ந்தவர்களைப் பற்றியும் சொல்ல வந்திருக்கிறேன்.

அது ஹோண்டா இ.எக்ஸ்.5. சிவப்பு நிறம், 97 சி.சி. நம் நாட்டில் எல்லாரும் கப்சாய் என்று அழைக்கும் வகை. பெரிய வண்டிகளையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவற்றின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் தோட்டத்து வாழ்க்கைக்கென்றே அமைந்தது கப்சாய்தான். அதில் கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லை. காலால் கியரை மிதித்தால் கிளட்ச் தானே விலகிக் கொடுக்கும். சங்கிலியை முழுவதும் மூடும் உறை இருப்பதால் செம்மண் சேறு உள்ளே போகாது. இதன் மூதாதை 1958-இல் ஜப்பானில் வந்த சூப்பர் கப். உணவுத் தட்டை ஒரு கையில் ஏந்திச் செல்லும் கடைப்பையன் மறு கையால் ஓட்ட முடிய வேண்டும் என்று எண்ணி அதை வடிவமைத்தார்களாம். 2017-க்குள் அந்த வகை வண்டிகள் பத்துக் கோடி உற்பத்தியாகிவிட்டன. ஜப்பானியக் கடைப்பையனுக்காகச் செய்தது, பேராக்கில் பால் மரம் வெட்டிய (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த) என் அப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தியது. பின்னால் இரு பக்கமும் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு அவர் ஸ்டோருக்கு வருவது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கேரியரின் அடியில் அன்று சிந்தி உறைந்த பால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உரித்தால் தோல்போல் வந்துவிடும். நான் உரிப்பதில்லை.

அப்பா அந்த வண்டியை 1996-இல் கூட்டுப் பணத்தில், அதாவது சீட்டுப் பணத்தில், வாங்கினார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீட்டார் மாதம் நூறு வெள்ளி (ரிங்கிட்) போட்டார்கள். முதல் கூட்டு பக்கத்து வீட்டு அத்தைக்கு விழுந்தது. அப்பாவுக்கோ பால் வெட்டும் இடம் வெகுதூரத்தில். இருட்டில் நடந்து போக வேண்டும். அதைப் பார்த்த அத்தை, "நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே, எனக்கு அடுத்த முறை போதும்" என்று தம் முறையை விட்டுக்கொடுத்தார். அப்படி வந்த வண்டி ஒரு வீட்டுக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்? சாவியை அப்பா வாசல் நிலையில் ஓர் ஆணியில் மாட்டினார். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்; திரும்ப மாட்டினார்கள். பெட்ரோல் குறைந்து வந்த நாள் எனக்கு நினைவில்லை.

எங்கள் ஊருக்கு இது புதிதும் அல்ல. வரலாற்றுப் புத்தகங்கள் சுங்கை சிப்புட்டை 1948 ஜூன் 16-க்காக நினைவில் வைத்திருக்கின்றன: தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதும், கம்யூனிஸ்ட் போராளிகளை ஒடுக்க அவசரகாலம் பிறந்ததும். நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது வேறொன்று. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், 1960-இல், எங்கள் ஊரில் பிறந்த, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டத்தைக் கூட்டாக வாங்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வண்டியைக் கூட்டாக வைத்துக்கொள்வது பெரிய காரியமா?

அந்த வண்டியில் பிரசவ வலியோடு மருத்துவமனைக்குப் போன அக்காள் இருக்கிறார். அவருடைய கணவர் ஓட்ட, பின்னால் அவரைத் தாங்கிக்கொண்டு அவருடைய மாமியார். மூன்று பேர் ஏறக் கூடாது என்பது தெரியும். அந்த இரவில் வேறு வழி இல்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆலையில் கொதிகலன் பார்க்கும் நண்பனின் கல்யாணத்துக்கு ஈப்போவிலிருந்து மாலை கொண்டு வந்ததும் அதில்தான். கொட்டும் மழை. மழைக்கோட்டை மாலைக்குப் போர்த்திவிட்டு நான் நனைந்து வந்தேன். இன்று தமிழ்ப் பள்ளி ஆசிரியராக இருக்கும் இன்னொரு நண்பன், தேர்வுக் காலம் முழுவதும் என் பின்னால் உட்கார்ந்து புத்தகத்தை என் முதுகில் வைத்துப் படித்துக்கொண்டே வருவான். முன்பக்கக் கால் மறைப்பில் ஒரு பெரிய கீறல் உண்டு. யார் கால்வாயில் விட்டது என்று கேட்டால் மூன்று பேர் ஒப்புக்கொள்வார்கள்.

பிறகு பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. லயம் இடிக்கப்பட்டது. பாதிப் பேர் ஊருக்குள் ஒரே தாமானில் (குடியிருப்பில்) வீடு பார்த்துக்கொண்டோம். அந்த ஆணியையும் பிடுங்கி வந்து புது நிலையில் அடித்தார் அப்பா. அவர் இறந்த பிறகும் சாவி அதே ஆணியில்தான் தொங்குகிறது.

குடிபெயரும் நாள் நெருங்கியதும், வண்டியை இங்கேயே விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அதுதான் நியாயம் என்று மனப்பூர்வமாக நம்பினேன். வாகனக் கிராண்டை (உரிமைப் பத்திரத்தை) யார் பெயருக்கு மாற்றலாம் என்று கேட்க எல்லாரையும் வீட்டு முன்தாழ்வாரமான அஞ்சடிக்கு அழைத்தேன். கேட்டதும் ஆசிரிய நண்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. கொதிகலன் நண்பன் மட்டும் நிதானமாகச் சொன்னான்: "இங்கே எங்களுக்கு ஆளுக்கொரு வண்டி வந்துவிட்டது. அங்கே உன்னை யாருக்குத் தெரியும்? வண்டியைக் கொண்டு போ. போய்ச் சேர்ந்த வாரமே ஓர் ஆணி அடி. யாராவது ஒருவன் சாவி கேட்பான். அவன்தான் உனக்கு அங்கே முதல் நண்பன்."

என்னால் பதில் பேச முடியவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த அஞ்சடி பட்டறையாகிவிட்டது. லிந்தாங் பக்கத்துக் கம்பத்திலிருந்து (கிராமத்திலிருந்து) மலாய் நண்பர் ஒருவர் வருவார். எனக்குக் கார்புரேட்டர் கழுவக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இயந்திரத்தைப் பிரித்து, பிஸ்டன் வளையங்களை மாற்றி, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தார். ஒவ்வொரு திருகையும் கழற்றிய வரிசையில் பழைய பிஸ்கட் டின்னில் அடுக்கினோம். பிரேக் கட்டைகள், இரண்டு டயர்கள், சங்கிலி எல்லாம் புதியவை. அக்காள் எல்லாருக்கும் பசியாற இடியப்பம் கொண்டு வந்தார். இயந்திரத்தை மூடிப் பூட்டியதும், முதல் உதை நீதான் என்று அக்காளின் மகனிடம் சொன்னோம். அந்த இரவு மருத்துவமனையில் பிறந்தவன் அவன். இரண்டாவது உதையில் வண்டி உயிர் பெற்றது. எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

உதிரிபாகக் கடை முதலாளியான தவுக்கேயிடம் கணக்கு முடிக்கப் போனேன். கடன் கணக்கு எழுதும் 555 நோட்டை எடுத்து, கடைசி ஐம்பது காசு வரை கூட்டி வாங்கிக்கொண்டார். பிறகு எதுவும் சொல்லாமல் ஒரு ஸ்பார்க் பிளக்கையும் சங்கிலி இணைப்பு ஒன்றையும் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் இப்போது ஐந்து பேர். முன்பு ஆறு பேர். ஆறாவது நண்பன் ஓர் இரவு நெடுஞ்சாலையில் போய்விட்டான். தலைக்கவசம் அணிந்திருந்தான், வாரைப் பூட்டவில்லை. தலைக்கவசம் கட்டாயம் என்று 1973-லேயே சட்டம் வந்துவிட்டது. பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது 1992-இல் வந்தது. ஆனாலும் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தாம். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம். புறப்படும் முன் ஒருவர் தலைக்கவச வாரை மற்றவர் இழுத்துப் பார்ப்போம். இழுத்துப் பார்க்காமல் யாரும் கியர் போடுவதில்லை.

ஜோகூரில் என்ன காத்திருக்கிறது என்று பார்க்க ஒரு முறை போய் வந்தேன். ஜோகூர் பாருவைச் சிங்கப்பூருடன் இணைக்கும், 1924-இல் திறந்த அந்தக் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் நீளம்தான். விடியுமுன் மோட்டார் சைக்கிள்கள் ஆறுபோல் அதை நோக்கி ஓடுகின்றன. அந்த நெரிசலில் பேராக்கின் 'ஏ' எழுத்து எண் பலகைகள் எத்தனையோ கண்ணில் பட்டன. எல்லாரும் எங்கோ ஓர் ஊரை விட்டு வந்தவர்கள்.

பயணத்துக்குப் பழைய கூட்டரசுச் சாலையையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். விரைவுச்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் 97 சி.சி. வண்டியைப் பெரிய லோரிகளுக்கு நடுவே நாள் முழுவதும் விரட்ட எனக்கு மனம் இல்லை. பழைய சாலையில் ஊர்கள் வரும்; நிற்கலாம், தேநீர் குடிக்கலாம், இயந்திரமும் ஆறும். ஏறக்குறைய 600 கிலோமீட்டர். இரண்டு நாளில் போய்ச் சேர்வதாக எண்ணம்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ஐந்து வண்டிகள் புறப்படும். பீடோர் வரை நண்பர்கள் வருகிறார்கள். அங்கே கொய்யா வாங்கி என் பையில் போட்டுவிட்டு நான்கு வண்டிகள் திரும்பிவிடும். அதன் பிறகு நான் தனி. தஞ்சோங் மாலிம், ரவாங், சிரம்பான், கிம்மாஸ், சிகாமட், யோங் பெங், கூலாய் என்று அந்த வழியில் இருக்கும் நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்காவது தேநீர்க்கடை ஓரத்தில் கீறல் விழுந்த சிவப்புக் கப்சாய் நிற்பதைக் கண்டால் என்னிடம் வாருங்கள். நான் கிளம்பும்போது என் தலைக்கவச வாரை ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

வணக்கம்.