ரெபெக்கா பூனின் வீடு

அனைவருக்கும் வணக்கம். டேனியல் பூன் என்ற பெயரை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். மான்தோல் சட்டை, நீளமான துப்பாக்கி, அமெரிக்காவில் காடு வெட்டிக் கென்டக்கிக்குப் பாதை போட்ட ஆள். அந்தப் படத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அவர் காட்டுக்குப் போன நாள்களில் வீட்டில் அடுப்பு எரிந்ததா, யார் எரித்தார்கள்? எனக்கு அதுதான் கேள்வி.

1756 ஆகஸ்ட் மாதம், வட கரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்கில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 21 வயது, பெண் ரெபெக்கா பிரையனுக்கு 17. கல்யாணமான கையோடு, டேனியலின் இறந்துபோன அண்ணனுடைய இரண்டு பையன்களும் அவர்கள் பொறுப்பில் வந்து சேர்ந்தார்கள். பிறகு சொந்தப் பிள்ளைகள், 1757 முதல் 1781 வரை பத்துப் பேர். அப்புறம், மனைவியை இழந்த உறவினர் ஒருவரின் ஆறு பிள்ளைகளையும் ரெபெக்காவே எடுத்து வளர்த்தார். தலையை எண்ணிக்கொள்ளுங்கள்.

டேனியல் விவசாயி என்று பேர், மனசெல்லாம் வேட்டையில். இலையுதிர் காலத்தில் மான்தோலுக்குக் கிளம்புவார், குளிரில் பீவர் என்ற நீர்விலங்கைப் பிடிப்பார், வசந்தத்தில் திரும்புவார். 1769 மே மாதம் போனவர் இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தார், அதுவும் வெறுங்கையோடு. சேர்த்த தோலை முதலில் ஷானி என்ற பழங்குடி மக்கள் பறித்துக்கொண்டார்கள். "இது எங்கள் வேட்டைக்காடு. மறுபடி வந்தால் குளவி கொட்டும்" என்று எச்சரித்துத்தான் விட்டார்கள். அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் இவர் திருட்டு வேட்டைக்காரர்தானே! அந்த இரண்டு வருஷமும் சோளம் விதைத்தது, மாடு கறந்தது, பிள்ளைகளுக்குச் சோறு போட்டது எல்லாம் ரெபெக்காதான்.

குளவி கொட்டியது 1773 அக்டோபரில். குடும்பத்தோடு கென்டக்கிக்குக் கிளம்பிய வழியில், பின்னால் தனியாக வந்த சிறு கூட்டத்தில் மூத்த மகன் ஜேம்ஸ் இருந்தான். தாக்குதலில் செத்தான், வயது 16. அவனைச் சுற்றிப் புதைக்க ரெபெக்கா லினன் விரிப்பு கொடுத்தனுப்பினார் என்கிறார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். லினன் கடையில் எளிதாகக் கிடைக்கிற காலமில்லை. ஆளிச்செடி விதைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்து நார் பிரித்து, நூற்று, நெய்தால்தான் ஒரு விரிப்பு. மாதக்கணக்கான வேலை. வழிப்பயணத்தில் மூட்டைக்குள் வைத்திருந்த அந்த விரிப்பைத்தான் எடுத்துக் கொடுத்தார்.

1775-இல் கென்டக்கியில் குடியேறியவர்களின் பூன்ஸ்பரோ கோட்டை எழுந்தது. நிலத்தை விலைக்கு வாங்கியதாகச் சொன்னார்கள், செரோக்கி என்ற இன்னொரு பழங்குடியிடமிருந்து. அங்கே வேட்டையாடிய ஷானிகளை யாரும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் ஜூலையில் மகள் ஜெமைமாவையும் இரண்டு தோழிகளையும் ஆற்றங்கரையில் பழங்குடி வீரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெண்கள் வழியெல்லாம் கிளையை ஒடித்தும் துணியைக் கிழித்துப் போட்டும் தடம் விட்டார்கள். மூன்றாம் நாள் மீட்கப்பட்டார்கள். ஜெமைமாவுக்கு 13 வயது. அப்பாவுக்குத் தப்பாத பெண்.

1778 பிப்ரவரியில் டேனியலே பிடிபட்டார். உப்புக் காய்ச்சப் போன கூட்டத்தோடு சேர்த்து. ஷானித் தலைவர் பிளாக்ஃபிஷ் அவரை மகனாகத் தத்தெடுத்து, பெரிய ஆமை என்று பேர் வைத்தார். நான்கு மாதம் கழித்துத் தப்பி, நான்கே நாளில் 160 மைல் கடந்து கோட்டைக்கு வந்தால், வீடு காலி. புருஷன் செத்துவிட்டார் என்று நினைத்து ரெபெக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வட கரோலினாவுக்கே போய்விட்டார். ஜெமைமா மட்டும் அப்பா வருவார் என்று அங்கேயே இருந்தாள். ரெபெக்கா போன நாளிலிருந்து கண்ணில் படாத வீட்டுப் பூனை அன்று எங்கிருந்தோ வந்து அவர் மடியில் ஏறியதாம். குடும்பத்தில் சொல்லிவந்த கதை. நான் நம்புகிறேன், பூனை வளர்ப்பவன் என்பதால்.

நிறையப் பேர் ரெபெக்காவை இதற்காகக் குறை சொல்கிறார்கள். காத்திருக்கவில்லையாம். எத்தனை வருஷம் காத்திருந்தவர் என்று ஒரு கணக்குப் போட்டுவிட்டுப் பேசலாம். மறு வருஷமே டேனியலோடு கென்டக்கிக்குத் திரும்பியவரும் அவர்தான். 1782 ஆகஸ்டில் கென்டக்கியின் புளூ லிக்ஸ் என்ற இடத்தில் நடந்த சண்டையில் இன்னொரு மகன் இஸ்ரேலையும் அந்த மண்ணுக்குக் கொடுத்தார். அவனுக்கு வயது 23.

இத்தனைக்கும் நிலம் மிஞ்சியதா? இல்லை. பத்திரம் சரியில்லை, எல்லை சரியில்லை, வழக்கு மேல் வழக்கு. ரெபெக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பத்திரங்களில் அவர் பெயர் வரும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி மட்டும் இருக்கும். 1799-இல் ஸ்பெயினின் கையிலிருந்த மிசூரிக்குப் போனார்கள். டேனியலுக்கு 64, ரெபெக்காவுக்கு 60. வேறொரு வீடு.

ரெபெக்கா 1813-இல் இறந்தார், டேனியல் 1820-இல். 1845-இல் கென்டக்கிக்காரர்கள் இருவர் எலும்பையும் தோண்டியெடுத்துத் தங்கள் தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் கொண்டுபோனது டேனியல் இல்லை என்று மிசூரிக்காரர்கள் சொல்லிவருகிறார்கள். அவர்கள் கணக்குப்படி, டேனியல் இறந்தபோது மனைவிக்குப் பக்கத்து இடத்தில் ஏற்கெனவே யாரையோ புதைத்திருந்தார்கள். அதனால் அவரை ரெபெக்காவின் காலடியில் வைத்தார்கள்.