துரோப்பீமு என்ன பாவம் செய்தான்?

நடுவர் அவர்களுக்கும், அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம்.

"ஜெபித்தும் நோய் நீங்காமல் போனால் காரணம் விசுவாசக் குறைவே" என்கிறது எதிரணி. "இல்லவே இல்லை" என்கிறோம் நாங்கள். எதிரணித் தலைவர் பேசும்போது அரங்கமே கைதட்டியது. நானும்தான் தட்டினேன். சுகமான சாட்சி ஒன்றைச் சொன்னார், அதைக் கேட்டு எந்த விசுவாசிக்குத்தான் மகிழ்ச்சி வராது? ஆனால் அவர் இறங்கிப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்: "சுகமாகாதவர்கள் தங்களைத் தாங்களே சோதித்துப் பார்க்கட்டும்." அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

தெய்வீக சுகம் உண்டா இல்லையா என்பது இன்றைய வழக்கே இல்லை. உண்டு. அதில் இரண்டு அணிக்கும் சண்டை கிடையாது. பவுலின் உடன்ஊழியன் எப்பாப்பிரோதீத்து சாகக்கிடந்தபோது தேவன் அவனுக்கு இரங்கினார் என்று பிலிப்பியர் நிருபம் சொல்கிறது, நம்புகிறேன். சுகம் வராதபோது குற்றவாளிக் கூண்டில் யாரை ஏற்றுவது என்பதுதான் வழக்கு. நோயாளியை ஏற்றாதீர்கள் என்பது என் கட்சி.

என் சாட்சி ஒரே ஒரு ஆள். பெயர் துரோப்பீமு. அவனைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. அப்போஸ்தலர் பவுல் தன் கடைசி நிருபத்தில், இரண்டாம் தீமோத்தேயு நாலாம் அதிகாரத்தில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதுகிறார்: "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." அவ்வளவுதான். ஏன் சுகமாகவில்லை என்று ஒரு விளக்கமும் இல்லை.

சரி, இந்த துரோப்பீமு யார்? அப்போஸ்தலர் நடபடிகளைப் புரட்டினால் தெரியும். அவன் எபேசு பட்டணத்துக்காரன். எபேசு என்றதும் என்ன நினைவுக்கு வரும்? பவுலின் சரீரத்தில் இருந்த உறுமால்களையும் (கைக்குட்டைகளையும்) கச்சைகளையும் கொண்டுபோய் நோயாளிகள்மேல் போட்டார்கள், வியாதி ஓடிப்போயிற்று என்று பத்தொன்பதாம் அதிகாரத்தில் படிக்கிறோமே, அந்த எபேசுதான். துணி பட்டே நோய் தீர்ந்த ஊரில் பிறந்தவன் இவன்.

இன்னும் இருக்கிறது. துரோவாவில் ஒரு ராத்திரி பவுல் நெடுநேரம் பிரசங்கம் செய்ய, ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து செத்தானே, நினைவிருக்கிறதா? (நீளமான பிரசங்கத்துக்கு வேதாகமமே வைத்த எச்சரிக்கை அது. நடுவர் மணியடிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.) பவுல் அவனை அணைத்துக்கொண்டார், உயிரோடு எழுந்தான். அந்தப் பயணத்தில் பவுலுக்கு முன்னாலேயே துரோவாவுக்குப் போய்க் காத்திருந்தவர்களின் பட்டியலில் துரோப்பீமு பெயர் இருக்கிறது. செத்தவன் எழுந்த ஊரில், எழுந்த சமயத்தில் இருந்தவன். அவனுக்கா அற்புதத்தில் விசுவாசம் இல்லை? அல்லது பவுலுக்கா இல்லை? மிலேத்துவிலும் பவுலின் கையில் ஒரு உறுமால் இருந்திருக்கும் அல்லவா?

எதிரணியின் கணக்கு எளிமையானது. விசுவாசம் கொடு, சுகம் வாங்கு. அது உண்மையானால் விசுவாசம் அதிகம் உள்ளவர்கள்தான் முதலில் சுகமாக வேண்டும். நடந்தது என்ன?

சீரியப் படைத்தலைவன் நாகமானின் குஷ்டரோகம் போக வழி சொன்ன தீர்க்கதரிசி எலிசா, நோயில் விழுந்தே செத்தான். அதோடு கதை முடியவில்லை. அவன் கல்லறையில் ஒரு பிணத்தைப் போட்டார்கள், எலிசாவின் எலும்பு பட்டதும் அது உயிரோடு எழுந்தது. செத்த பிறகும் எலும்பில் அவ்வளவு வல்லமை இருந்த மனிதனுக்கு, உயிரோடு இருந்தபோது தன் நோயைத் துரத்த விசுவாசம் போதவில்லை என்று சொல்லப் போகிறீர்களா?

பவுலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாம்சத்தில் ஒரு முள். அது கண் நோயா, வேறு எதுவா என்று இருபது நூற்றாண்டாக அறிஞர்கள் விவாதிக்கிறார்கள், அதை விடுவோம். மூன்று தரம் வேண்டிக்கொண்டார். வந்த பதில், "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்." உறுமால் அனுப்பி ஊரைச் சுகமாக்கியவர், தன் முள்ளோடு நடந்தார்.

வேதாகமத்தோடு இது நிற்கவில்லை. கி.பி. 430-ல் ஹிப்போ நகரத்தைப் பகைவர்கள் முற்றுகையிட்டிருக்க, ஆயர் அகுஸ்தீன் காய்ச்சலில் கிடந்தார். ஒருவர் தன் நோயாளியைக் கட்டிலருகே கொண்டுவந்து, கை வைத்து ஜெபியுங்கள் என்றார். "அந்த வரம் எனக்கு இருந்தால் முதலில் எனக்கல்லவா பயன்படுத்தியிருப்பேன்" என்றார் அகுஸ்தீன். வந்தவர் விடவில்லை, கனவில் எனக்குச் சொல்லப்பட்டது என்றார். சரி என்று கை வைத்தார். நோயாளி சுகமாகிப் போனான். அகுஸ்தீன் அந்தக் காய்ச்சலில் இறந்தார். அவரோடு வாழ்ந்த பொசிதியுஸ் எழுதிய வரலாற்றில் இது இருக்கிறது.

1858-ல் பிரான்சின் லூர்து குகையில் மரியன்னையின் காட்சி கண்ட பெர்னதெத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஊற்றுக்கு இன்றுவரை நோயாளிகள் போகிறார்கள். 1883 முதல் அங்கே மருத்துவர்களின் அலுவலகம் ஒன்று வழக்குகளை ஆராய்கிறது. ஆயிரக்கணக்கான கோரிக்கைகளில் அற்புதம் என்று திருச்சபை ஏற்றுக்கொண்டவை எழுபதுக்குச் சற்றே அதிகம். அந்தப் பெர்னதெத்? காசநோயில் வேதனைப்பட்டு 1879-ல், 35 வயதில் போய்விட்டார். கூட்டம் கூட்டமாக மக்கள் சுகம் தேடி வந்த அமெரிக்கப் பிரசங்கியார் கேத்ரின் குல்மன் 1976-ல் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்தார். நோயாளிகளுக்காக ஜெபிக்கச் சபைகளுக்கே கற்றுக்கொடுத்த அமெரிக்கப் போதகர் ஜான் விம்பர், கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போய் நண்பர் டேவிட் வாட்சன் என்ற போதகருக்காக ஜெபித்தார். வாட்சன் 1984-ல் புற்றுநோயில் இறந்தார். பின்னாளில் விம்பருக்கே புற்றுநோய் வந்தது.

இத்தனை பேருக்கும் விசுவாசம் குறைவு என்றால், எதிரணியில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேருக்கு எவ்வளவு இருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

எதிரணி வைத்த வசனங்களுக்கு வருகிறேன். முதலில் யாக்கோபு: "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்." அருமையான வசனம். ஒரு வசனம் முன்னால் போய் வாசியுங்கள். வியாதிப்பட்டவன் செய்ய வேண்டியது என்ன? சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும். எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டியது யார்? மூப்பர்கள். அப்படியானால் அது யாருடைய விசுவாசம் உள்ள ஜெபம்? சுகம் வராவிட்டால் யார் தங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும்? கட்டிலில் கிடப்பவரா, கட்டிலைச் சுற்றி நிற்பவர்களா?

கடுகுவிதையளவு விசுவாசம் இருந்தால் போதும் என்ற வசனமும் அப்படித்தான். சந்திரரோகியான (வலிப்பு நோயுள்ள) பையனை சீஷர்களால் சுகமாக்க முடியவில்லை. அவிசுவாசம் என்று ஆண்டவர் இயேசு கடிந்துகொண்டாரே, யாரை? ஜெபிக்கப் போன சீஷர்களை. பையனை அல்ல. தகப்பனோ, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சொன்னான். பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். எதிரணியின் தராசில் வைத்தால் அவன் தேறவே மாட்டான். பையன் சுகமானான்.

நாசரேத்தில் அவிசுவாசத்தினால் அநேக அற்புதங்கள் நடக்கவில்லையே என்றார்கள். உண்மை. அங்கே இருந்தவர்கள் "இவன் தச்சன் அல்லவா" என்று இளக்காரம் பேசியவர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வலியில் விழித்து "இயேசுவே" என்று முனகும் ஒருவரை அவர்களோடு எந்த நியாயத்தில் சேர்க்கிறீர்கள்?

"உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று ஆண்டவர் சொன்னதுண்டு. பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள (உதிரப்போக்குள்ள) ஸ்திரீயிடம் சொன்னார். சுகமானவர்களைப் பாராட்டச் சொன்ன வார்த்தை அது. சுகமாகாத ஒரு நோயாளியைப் பார்த்து, "உனக்கு விசுவாசம் இல்லை, அதனால்தான்" என்று அவர் சொன்ன ஒரே ஒரு இடத்தை நான்கு சுவிசேஷங்களில் காட்டுங்கள், நான் மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன். பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் கிடந்தவனுக்கு, தன்னைச் சுகமாக்கியது யார் என்றே தெரியாது. மல்குஸ் இயேசுவைக் கைதுசெய்ய வந்த கூட்டத்தில் ஒருவன், அவன் காது சுகமாயிற்று. அதே பெதஸ்தாவின் ஐந்து மண்டபங்களிலும் வியாதிக்காரர் திரளாய்க் கிடந்தார்கள். யோவான் சொல்வது ஒருவனுடைய சுகத்தை மட்டும்தான். ஏன் ஒருவன்? எனக்குத் தெரியாது.

இந்தத் "தெரியாது" எதிரணிக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிகிறது. என் அணியிலும் சிலருக்குப் பிடிக்காது. எனக்கு முன் பேசிய சகோதரி, "நாம் கேட்டதைத் தேவன் தர மறுத்தால் அதைவிட மேலான ஒன்றை வைத்திருக்கிறார்" என்றார். மன்னிக்க வேண்டும் சகோதரி, அதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. பிள்ளையை அடக்கம்பண்ணிவிட்டு வந்த தாயிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்கள்தான். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார்கள், வம்பு வந்தது. கடைசியில் தேவன் கோபித்துக்கொண்டது, கேள்வி கேட்ட யோபுவிடம் அல்ல, பதில் வைத்திருந்த நண்பர்களிடம். சங்கீதம் 88-ஐ வாசித்துப் பாருங்கள். முதலிலிருந்து கடைசிவரை அழுகை, முடிவில் ஒரு வெளிச்சமும் கிடையாது. அதையும் ஜெபம் என்றுதான் வேதாகமம் வைத்திருக்கிறது.

இன்னும் அதிகமாக ஜெபித்தால் நிச்சயம் நடக்கும் என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்னார். ஜெபம் என்ன, மருந்தின் அளவா? 2006-ல் அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1802 நோயாளிகளிடம் ஒரு ஆய்வு முடிந்து வெளியானது. தங்களுக்காக ஜெபிக்கிறார்களா என்று தெரியாத இரண்டு குழுக்களில், மற்றவர்கள் ஜெபித்த குழுவில் 52 சதவீதம் பேருக்கும், ஜெபிக்காத குழுவில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது. உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று தெரிவிக்கப்பட்ட குழுவில் 59. இதைக் கேட்டு நான் ஜெபிப்பதை விட்டுவிடவில்லை. அப்பாவிடம் பேசுவதை யாராவது தராசு வைத்து நிறுப்பார்களா? ஆனால் சூத்திரம் போல ஜெபத்தை விற்கிறவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தச் சூத்திரம் வெறும் வார்த்தையோடு நிற்பதில்லை, நடுவர் அவர்களே. மாத்திரை போட்டால் அவிசுவாசம் என்று அடுத்த படிக்குப் போகும். 1975 முதல் 1995 வரை அமெரிக்காவில், மத நம்பிக்கையால் மருத்துவம் மறுக்கப்பட்டு இறந்த 172 பிள்ளைகளின் கதையை இரண்டு ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்டார்கள். அவர்களில் 140 பேருக்கு வந்தது, சிகிச்சை கொடுத்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கக்கூடிய நோய். எசேக்கியா ராஜாவுக்குச் சுகம் தருகிறேன் என்று தேவனே வாக்குக் கொடுத்த பிறகும், தீர்க்கதரிசி ஏசாயா பிளவையின்மேல் (கட்டியின்மேல்) அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னான். தன் இளம் சீஷன் தீமோத்தேயுவின் வயிற்றுக்கு பவுல் எழுதிக்கொடுத்தது கொஞ்சம் திராட்சரசம். கூடவே பயணம்பண்ணிய லூக்கா ஒரு வைத்தியன்.

என் வீட்டில் நடந்ததை ஒரு நிமிஷத்தில் சொல்கிறேன். என் அம்மாவுக்குப் புற்றுநோய். ஜெபிக்க வந்த ஒருவர், போகும்போது வாசலில் நின்று, "இந்த வீட்டில் ஏதோ தடை இருக்கிறது, அதான் பதில் வரவில்லை" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அம்மா காதில் விழுந்துவிட்டது. கடைசி ஆறு வாரம் அம்மா சுகத்துக்காக ஜெபிக்கவில்லை, பாவம் தேடினாள். கல்யாணத்துக்கு முன் தங்கையிடம் சொன்ன ஒரு பொய். ஒரு நாத்தனாரோடு பேசாமல் இருந்த இரண்டு வருஷம். ஒவ்வொன்றாக என்னிடம் சொல்லி, "இதுவாக இருக்குமோ?" என்பாள். நான் "இல்லைம்மா" என்பேன். மறுநாள் இன்னொன்று. நோய் அவள் உடம்பை எடுத்தது. மிச்சம் இருந்த சமாதானத்தை எடுத்தது அந்த வாசல் வார்த்தை.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். கெத்செமனேயில் மூன்று தரம், "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும்" என்று ஜெபித்த இயேசுவுக்கு விசுவாசம் எவ்வளவு குறைந்தது என்று எதிரணியில் அடுத்து வருபவர் சொல்லட்டும். அப்படியே மிலேத்துவுக்கும் ஒரு நடை போய்வரட்டும். துரோப்பீமு அங்கேதான் படுத்திருக்கிறான். பவுல் அவனை விட்டுவந்தார், குற்றம் சாட்டிவிட்டு வரவில்லை. நீங்கள் அவன் கட்டிலருகே போய் என்ன சொல்வீர்கள்?

நன்றி, வணக்கம்.