உழைத்தவர் கட்டுகிறார், வாரிசு கட்டுவதில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "பெரும் சொத்துக்கு வாரிசு வரி: நியாயமா, உரிமைப் பறிப்பா?" என்பது தலைப்பு. நியாயமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

"அப்பன் சம்பாதித்ததைப் பிள்ளைக்குக் கொடுப்பதைத் தடுக்க அரசாங்கம் யார்?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். கைதட்டலும் வாங்கினார். எந்த அப்பன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. இரண்டு ஏக்கர் நஞ்சையும் ஒரு ஓட்டு வீடும் விட்டுப்போகிறவரிடம் நாங்கள் சல்லிக்காசு கேட்கவில்லை. 10 கோடி ரூபாய்க்கு மேல் விட்டுப்போகிறவர்களைப் பற்றியதுதான் எங்கள் பேச்சு.

சொத்துரிமையை நானும் மதிக்கிறேன். 1978-இல் அரசியலமைப்பின் 44-ஆவது திருத்தம் அதை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்த பிறகும், 300ஏ பிரிவு அதைக் காக்கிறது: சட்டத்தின் அதிகாரமில்லாமல் ஒருவரின் சொத்தைப் பறிக்கக்கூடாது. வாரிசு வரியோ நாடாளுமன்றம் சட்டம் இயற்றி விதிப்பது. இதில் பறிப்பு எங்கே இருக்கிறது?

நம் ஊர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள், நடுவர் அவர்களே. ஆட்டோ ஓட்டிச் சேர்த்த பணத்தில் ஒருவர் அரை கிரவுண்டு மனை வாங்குகிறார். விலை 20 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: ஆக 1,80,000 ரூபாய். அதைக் கட்டாமல் பத்திரம் பதிவாகாது. மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போவது அந்தத் தொகைக்காகத்தான். அதே நாளில் 1,000 கோடி ரூபாய்ப் பங்குகள் ஒரு வாரிசின் பெயருக்கு மாறினால் வரி எவ்வளவு? ஒன்றுமில்லை!

"ஏற்கெனவே வரி கட்டிய பணத்துக்கு மறுபடியும் வரியா?" என்கிறார்கள். ஆட்டோக்காரரின் பணம் மட்டும் என்னவாம்? பெட்ரோலுக்கும் சோப்புக்கும் வரி கட்டி மிஞ்சியதுதானே அது? பெருஞ்செல்வரின் பங்குகளோ விலை ஏறிக்கொண்டே போகும். விற்காதவரை அந்த ஏற்றத்துக்கு வரியே கிடையாது. ஒருமுறைகூட வரி காணாத மதிப்பை இரட்டை வரி என்று சொல்வது எந்தக் கணக்கு?

இறந்தவர் விட்டுப்போன சொத்தின் மீது 1953-இல் வந்த எஸ்டேட் வரி 1985-இல் கைவிடப்பட்டதை எதிரணியினர் மூன்று முறை சொல்லிவிட்டார்கள். உண்மைதான். உச்ச விகிதம் 85 சதவீதம். ஆண்டு வசூலோ சுமார் 20 கோடி ரூபாய். அவ்வளவு உயர்ந்த விகிதம் மறைக்கத்தான் தூண்டும். அன்று பங்குகள் காகிதமாகப் பெட்டிக்குள் கிடந்தன. இன்று அவை டிமேட் என்னும் மின்னணுக் கணக்கில், பான் எண்ணோடு பிணைந்திருக்கின்றன. விகிதத்தை மிதமாக வையுங்கள், விலக்கு வரம்பை உயர்த்துங்கள், வசூலாகும்.

தொழில் முடங்கும் என்கிறார்கள். ஜப்பானில் வாரிசு வரியின் உச்ச விகிதம் 55 சதவீதம். தென்கொரியாவில் சாம்சங் தலைவர் லீ குன்-ஹீ 2020-இல் இறந்தபின், அவர் குடும்பம் 12 லட்சம் கோடி வோனுக்கு மேல் வாரிசு வரியை ஐந்தாண்டுத் தவணையில் கட்டுவதாக அறிவித்தது. நிறுவனம் மூடப்படவில்லை, அதன் கைப்பேசி இந்த அரங்கிலேயே எத்தனையோ பேர் கையில் இருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? அடுத்து வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும்.