டி.சி. கேட்டு வந்தவர்கள்

வணக்கம். திருப்பூரில் 28 ஆண்டுகள் டீச்சராக இருந்தவள் நான். தொழில் மந்தத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குப் பொருளாதாரம் தெரியாது, பள்ளியை விட்டுப் போகிறவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதித் தருகிற டி.சி. புத்தகம் தெரியும்.

எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமைதான் சம்பளம். பலருக்கு பீஸ் ரேட். தைத்தால் காசு, ஆர்டர் இல்லையென்றால் இல்லை. 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி திவாலானது. அதற்கும் எங்கள் ஏழாம் வகுப்புக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். அங்கே துணி வாங்குவதைக் குறைத்தார்கள், இங்கே மெஷின் நின்றது. மே மாதம் டி.சி. கேட்டு வருகிறவர்கள் ஜனவரியிலேயே வந்து நின்றார்கள்.

அதில் ஒருவர் தேனிப் பக்கம், ஓவர்லாக் டைலர். "வாடகை மூணு மாசம் நிக்குது டீச்சர், ஊருக்கே போயிடறோம்" என்றார். பரீட்சை முடியட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். பையன் அதையெல்லாம் கேட்கவில்லை, சமையல் கூடத்தையே எட்டி எட்டிப் பார்த்தான். அன்றைக்கு முட்டை போடுகிற நாள். "சாப்பிட்டுட்டு வரட்டுங்களா?" என்று கேட்ட அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டால் அவனுக்குச் சாப்பாடு கணக்கில் வராது. அதனால் டி.சி.யை மத்தியானத்துக்குத் தள்ளிவைத்தேன். இரண்டு முட்டை சாப்பிட்டான். இரண்டாவது யாருடையது என்று கேட்காதீர்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து ஆர்டர் திரும்பியது, குடும்பமும் திரும்பியது. பையன் மட்டும் பள்ளிக்கு வரவில்லை. பனியன் கம்பெனியில் டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடியாகிவிட்டான். ஊரில் வாங்கிய கடனை அடைக்க இன்னொரு சம்பளம் வேண்டுமே. நான் எங்கே போனாலும் சொல்வது இதுதான், இங்கேயும் சொல்கிறேன். மந்தம் வந்தால் பிள்ளையின் படிப்பு நிற்கிறது. மந்தம் போனால் வேலை அவனைக் கூப்பிடுகிறது. ஏற்றுமதி பழையபடி ஏறியது என்று பேப்பரில் போடுவார்கள், இவன் ஏழாவதோடு சரி.

2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடியபோதும் இப்படித்தான் வந்து நின்றார்கள். (சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றுக்காக மூடியது சரிதான், அது வேறு பேச்சு.) அப்புறம் 2020 ஊரடங்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது முதலில் எனக்கு அந்த டி.சி. புத்தகம்தான் நினைவுக்கு வந்தது.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். காலை உணவுத் திட்டம் ஏன் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது என்று விரிவாகப் பேச நினைத்தேன், முடியாது போல. ஒன்று மட்டும். டி.சி. வரத் தாமதமானாலும் எட்டாவது வரை பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் யாராவது பாதி வருஷத்தில் மூட்டை கட்டினால், இதைச் சொல்லி அனுப்புங்கள். வணக்கம்.